மாதிரி ரயிலும் தளர்ந்த சமிக்ஞையும்

மயிலாப்பூரில் மாதிரி ரயில் அன்பர்களின் மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு



இன்று நான் பேசவேண்டிய விஷயத்தைக் கூட்டத்தின் காரியதரிசி ஒரு கேள்வியாகவே எழுதி அனுப்பியிருந்தார். மாதிரி ரயில் அமைப்புகளில் டிஜிட்டல் கட்டளையின் சமிக்ஞை பலம் குறையும்போது அதைக் கண்டறிவது எப்படி, கூட்டுவது எப்படி என்பது கேள்வி. முதற்பாதிக்கு இயன்றவரை விடை சொல்லுகிறேன். பிற்பாதியை மட்டும், சபையோரின் அனுமதியோடு, மறுத்துவிட்டுத் தொடங்க விரும்புகிறேன். தண்டவாளத்தில் மின்சக்தி ஒன்று, சமிக்ஞை மற்றொன்று என்று இரண்டு வஸ்துக்கள் இருந்து, முன்னது நிறைந்திருக்கப் பின்னது மட்டும் இளைத்துப்போவதாக நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணமே இந்நகரத்துப் பல அழகிய ரயில் அமைப்புகளை மாதக்கணக்கில் முடக்கி வைத்திருக்கிறது; அந்த எண்ணத்தின் பேரிலேதான், அமெரிக்காவிலிருந்து மார்கழிக் கச்சேரிகளுக்கு வருகிற பிள்ளைகளின் பெட்டியில் தண்டவாளத்துக்கு மின்சக்தி ஊட்டும் பூஸ்டர்களை மேன்மேலும் பெரியவையாக வரவழைத்து மாட்டிவிட்டு, பழைய இடத்திலேயே மறுபடியும் நின்றுவிடுகிற என்ஜினைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம்.

பழைய முறை எல்லாருக்கும் தெரிந்ததே. இரண்டு தண்டவாளங்களுக்கும் நேர்மின்சாரத்தைக் கொடுத்து, அதன் அழுத்தத்தைப் பன்னிரண்டு வோல்ட் வரையில் ஏற்றியும் இறக்கியும் வேகத்தை மாற்றி, துருவங்களைப் புரட்டித் திசையை மாற்றிய முறை அது. அதில் ஒரே பாதையில் நிற்கும் இரண்டு என்ஜின்களும் ஒன்றாகவே புறப்படும், ஒன்றாகவே நிற்கும். இந்தக் குறையை நீக்க முயன்றவர்கள் பலர். 1979-இல் ஹார்ன்பி கம்பெனியார் வெளியிட்ட 'ஜீரோ 1' என்னும் கருவி பதினாறு என்ஜின்களைத் தனித்தனியே ஆட்டிவைத்தது. பின்னர் ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனத்தார் 1980களின் பிற்பகுதியில் ஆர்னால்ட், மார்க்லின் ஆகிய கம்பெனிகளுக்காக வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1994-இல் பொது விதிகளை ஏற்றுக்கொண்டது. டி.சி.சி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லுவது அதைத்தான்.

இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு அழுத்தம் நிற்கிறது, ஹெச்.ஓ., ஓ.ஓ. என்னும் மாதிரி அளவுகளுக்கு அது சுமார் 14, 15 வோல்ட். அது நேர்மின்சாரமும் அன்று, வீட்டு மின்சாரம்போல மெல்ல எழுந்து மெல்ல விழும் மாறுமின்சாரமும் அன்று. இடது தண்டவாளம் நேர், வலது எதிர் என்ற நிலை கணத்தில் தலைகீழாகப் புரண்டு, மறுகணம் மீண்டும் புரளுகின்ற சதுர அலை அது. ஒரு நிலை 58 மைக்ரோ செகண்டு நீடித்து, அதன் மறுதலையும் அவ்வாறே நீடித்தால் அது 'ஒன்று'. ஒவ்வொன்றும் 100 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ நீடித்தால் அது 'சுழி'. முகப்பாகக் குறைந்தது பதினான்கு ஒன்றுகள், அவற்றின் பின் எட்டெட்டுப் பிட்களாக என்ஜினின் விலாசம், அதற்குரிய கட்டளை, இறுதியில் முன்சொன்னவற்றைக் கணக்கிட்டுப் பெற்ற ஒரு சரிபார்ப்பு எண் என்று கோத்துக் கட்டிய பொட்டலம் ஒன்றன்பின் ஒன்றாக, ஓயாமல், எல்லா என்ஜின்களையும் சென்றடைகிறது. ஒவ்வொரு என்ஜினிலும் உள்ள டிகோடர் தன் விலாசமுள்ள பொட்டலத்தை மாத்திரம் கேட்டு நடக்கிறது. சரிபார்ப்பு எண் பொருந்தாத பொட்டலத்தை, அதில் எவ்வளவு உயர்ந்த கட்டளை இருந்தாலும், ஒதுக்கிவிடுகிறது.

இங்கே கவனிக்கவேண்டியது, மோட்டாரைச் சுழற்றுவதும் அதே அலைதான் என்பது. டிகோடர் அந்த அலையை நான்கு டயோடுகளால் ஒருமுகப்படுத்தித் தன் ஜீவனத்துக்கும் மோட்டாருக்கும் எடுத்துக்கொள்ளுகிறது. அது புரளும் கால அளவிலிருந்து கட்டளையைப் படித்துக்கொள்ளுகிறது. நாதஸ்வர வித்துவான் ஊதுகிற மூச்சு ஒன்றே வாத்தியத்துக்கு உயிராகவும் ராகத்துக்கு உருவாகவும் இருக்கிறதல்லவா, அதுபோல. சீவாளி பிளந்திருக்கும்போது மூச்சைக் கூட்டி என்ன பயன்?

இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. டிஜிட்டல் கட்டளை பாதி பலத்தோடு கேட்பது, முக்கால் பலத்தோடு கேட்பது என்பது கிடையாது. கேட்டது, அல்லது கேட்கவில்லை, அவ்வளவே. தண்டவாளத்தில் 15 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 10 வோல்ட்தான் இருக்கிறதென்றால், டிகோடர் கட்டளையைப் பிழையின்றிப் படித்து, அந்த வேகத்துக்கு வேண்டிய வலுவில்லாமல் மெதுவாக ஓடும். ஆகவே தூரத்து வளைவில் என்ஜின் சோர்ந்து ஊர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் அருகில் வந்ததும் உற்சாகம் கொள்ளுமானால், வழியில் எங்கோ அழுத்தம் வீணாகிறது என்று கொள்க. முன்விளக்கு மினுமினுத்து, சத்தமிடும் டிகோடராயின் டீசல் என்ஜினின் கிளம்பொலி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, என்ஜின் திக்கித் திக்கி நகருமானால், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் அழுக்கு என்று கொள்க. ஓட்டம் சீராகவே இருந்து, நிறுத்து என்றால் நிற்காமலும் திரும்பு என்றால் திரும்பாமலும் என்ஜின் தன் போக்கில் போகுமானால் மாத்திரமே அலையின் வடிவம் கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. அந்த மூன்றாவது வகை மிக அபூர்வம். ஆனால் நம் அன்பர்கள் எல்லாருடைய நாவிலும் முதலில் வருகிற காரணம் அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த முறையின் அடிப்படை விதிகளில் பேச்சு ஒருவழிப் பேச்சே. டிகோடர் பதில் சொல்லுவது தனியான புரோகிராமிங் தடத்தில், மோட்டாரை ஒரு கணம் இயக்கிச் சுமார் 60 மில்லி ஆம்பியரை ஆறு மில்லி செகண்டு இழுத்துக்காட்டும் சந்தர்ப்பத்தில் மட்டுமே. லென்ஸ் நிறுவனம் பிற்பாடு வகுத்த ரெயில்காம் போன்ற ஏற்பாடுகள் இல்லாத அமைப்பில், ஓடும் தடத்தில் கட்டளை போய்ச்சேர்ந்ததா என்பது கட்டளையிட்ட பெட்டிக்குத் தெரியாது. ஆதலால் அதன் திரையில் எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும். திரையை நம்பிப் பயனில்லை, அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

அழுத்தம் எங்கே வீணாகிறது என்பதற்கு நம் நகரத்துப் பெரிய ரயில்பாதையே நல்ல பாடம். தியாகராய நகரில் இருப்பவர்களுக்கு மாம்பலம் ஸ்டேஷனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் பாதையில், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்று மேல்கம்பியில் இருந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். ஒரே சக்தியைக் கொண்டுசெல்ல, அழுத்தம் ஏறத்தாழ பதினேழு மடங்கு உயர்ந்தால் மின்னோட்டம் பதினேழில் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் உஷ்ணமாக வீணாவதோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகையால் அது இருநூற்றெழுபது மடங்குக்கும் மேல் குறையும். பெரிய ரயில்வேக்கு இந்த உபாயம் இருந்தது. நமக்கு அது இல்லை. பன்னிரண்டு வோல்ட் மோட்டாரையும், தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்கும் பேரக்குழந்தைகளின் விரல்களையும் வைத்துக்கொண்டு நாம் அழுத்தத்தை உயர்த்த முடியாது. தாழ்ந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தை அனுப்பவேண்டிய நிலையில், ஒயரின் ஒவ்வொரு ஓமும் நம்மிடம் வரி வாங்குகிறது.

அந்த வரி எவ்வளவு என்று கணக்கிடுவது கடினமன்று. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் பத்து மீட்டர் போய்ப் பத்து மீட்டர் திரும்பினால் மின்தடை கால் ஓமுக்குச் சற்றுக் குறைவு. மூன்று ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே தூரத்துக்கு அழைப்புமணிக்குப் போடுகிற 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரை இழுத்திருந்தால் தடை ஒன்றே முக்கால் ஓமை நெருங்கும்; மூன்று ஆம்பியரில் ஐந்து வோல்ட் காணாமற்போகும். தண்டவாளத்தையே ஒயராக நம்புகிறவர்களும் உண்டு. நாம் வாங்கும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் வெள்ளி என்பது பெயரில் மட்டுமே உண்டு. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கலப்புலோகத்தின் தடை செம்பினுடையதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே 2.5 சதுர மில்லிமீட்டர் பிரதான ஒயரை மேசையின் அடியில் நெடுகக் கொண்டுபோய், ஒரு மீட்டருக்கு ஓரிடமாவது அதிலிருந்து கிளை ஒயர்களை ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஏற்றுவதுதான் முறை.

இந்தச் செலவு எதற்கு, நான் ஒரே ஒரு ரயில்தானே ஓட்டுகிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஐரோப்பியர் மூன்று, நான்கு பெட்டிகளோடு திருப்தியடைகிறார்கள். நமக்கோ பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றால் இருபத்திரண்டு பெட்டிகளும் வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் விளக்கும் எரியவேண்டும். பழைய மாதிரிச் சிறு பல்பு ஒன்று 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். பெட்டிக்கு ஒன்று வைத்தாலும் என்ஜின் அசைவதற்கு முன்னரே ஓர் ஆம்பியருக்கு மேல் போய்விட்டது. எல்.இ.டி. விளக்குகளை மாற்றிவைத்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சும். அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை ஓ.ஓ. அளவுக்குச் சுருக்கினால் 22 மில்லிமீட்டர் வரவேண்டியிருக்க, நாம் எல்லாரும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு அதைப்பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறோம். பெட்டிகளின் எண்ணிக்கையில் மட்டும் யதார்த்தத்தை ஒரு பெட்டிகூட விட்டுக்கொடுப்பதில்லை. அது நம் சுபாவம்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். சாதாரண மல்டிமீட்டர் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. நம் சதுர அலையோ சுழியாக இருக்கும்போது ஐயாயிரம் ஹெர்ட்ஸிலும், ஒன்றாக இருக்கும்போது எண்ணாயிரத்து அறுநூறு ஹெர்ட்ஸிலும் புரளுகிறது. ஆகையால் மாறுமின்சார அளவையில் வைத்துப் பார்த்தால் மீட்டர் காட்டும் எண்ணை மெய்யென்று கொள்ளக்கூடாது. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஊகிக்க அது உதவும். திட்டமாக வேண்டுமானால் ரிச்சி தெருவில் நான்கு ஷாட்கி டயோடுகளும் ஒரு சிறு கபாசிட்டரும் வாங்கி, ஒருமுகப்படுத்தி, நேர்மின்சார அளவையில் பாருங்கள். உள்ளதற்கு ஏறக்குறைய அரை வோல்ட் குறைத்துக் காட்டும், அவ்வளவே.

ஆனால் வெறும் தண்டவாளத்தில் அளப்பதால் ஒன்றும் தெரியாது. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு கெட்ட இணைப்பிலும் அழுத்தம் குறைவதில்லை. சுமை ஏறும்போதுதான் குறை வெளிப்படும். சுமைக்காக என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு பின்னாலேயே மீட்டரோடு ஓடவேண்டியதில்லை. ஜி.பி. ரோட்டுக் கடை ஒன்றில் காரின் இண்டிகேட்டருக்குப் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பூஸ்டரின் வாயிலில் ஒருமுறையும், அமைப்பின் மிகத் தொலைவான மூலையில் பல்பை எரியவிட்டு ஒருமுறையும் அளந்து, வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்கு உட்பட்டிருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அடையாற்றில் ஓர் அன்பர் திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரையுள்ள பறக்கும் ரயில்பாதையை ஓ.ஓ. அளவில் கட்டியிருக்கிறார். கால்வாயின்மேல் நெட்டுயர்ந்து நிற்கும் ஸ்டேஷன்களை அட்டையிலும் பிளைவுட்டிலும் அவர் செய்திருக்கும் நேர்த்தியை நேரில் பார்த்தவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் வரையில் நன்றாக ஓடுகிற வண்டிகள், இரண்டாவது வண்டி புறப்பட்டதும், இந்திரா நகருக்கு அப்பால் ஊர்ந்து, திருவான்மியூரில் படுத்துவிடும். ஐந்து ஆம்பியர் பூஸ்டர் போதவில்லை என்று தீர்மானித்துப் பத்து ஆம்பியர் பூஸ்டரை வரவழைத்தார். திருவான்மியூரில் ஒரு மாறுதலும் இல்லை.

என்னை அழைத்தபோது நான் பூஸ்டரைத் தொடவேயில்லை. என்ஜின்களையெல்லாம் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, பூஸ்டரையும் கழற்றிவிட்டு, எல்.இ.டி. பட்டைக்குப் போடுகிற 12 வோல்ட் நேர்மின்சார அடாப்டரை அதனிடத்தில் இணைத்து, திருவான்மியூரில் பல்பைக் கொளுத்தினோம். நேர்மின்சாரம் ஓடும்போது எந்த மலிவான மீட்டரும் மில்லிவோல்ட் வரையில் உண்மை பேசும். தடையைத் தேடுவதற்கு அலை வேண்டியதில்லை. பெட்டியருகே 12, கடைசியில் 9.4. பிறகு மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கங்களிலும், ஒரே ஒயரின்மேல், வைத்துக்கொண்டே போனோம். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டுகளே தெரியும். கஸ்தூரிபா நகருக்குக் கீழே, எலக்ட்ரீஷியன்கள் கனெக்டர் என்று சொல்லுகிற பிளாஸ்டிக் இணைப்பில், ஒரே இடத்தில் 1.9 வோல்ட் நின்றது. திருகைக் கழற்றினால் செம்பில் பச்சைக் களிம்பு. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும் அதே களிம்புதான். கடற்காற்றில் அடையாற்றுக்கு அது தாராளமாகவே கிடைக்கிறது. ஒயரின் நுனியை நறுக்கி, புதுச் செம்பை வெளிப்படுத்தி, முறுக்கி ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டவுடன் திருவான்மியூரில் பதினொன்றுக்கு மேல் வந்துவிட்டது.

அந்த ஒரு திருகின் கீழ் இருந்த தடை சுமார் ஒன்றேகால் ஓம்; மின்சாரம் போய்த் திரும்பும் பாதை முழுவதும் சேர்ந்து ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இப்பொழுது இதைச் சிந்தித்துப் பாருங்கள். திருவான்மியூரில் ஒரு பெட்டி தடம்புரண்டு இரு தண்டவாளங்களையும் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து வோல்ட்டை அந்தத் தடையால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வரும். பழைய ஐந்து ஆம்பியர் பூஸ்டராயின், விபரீதம் என்று உணர்ந்து கணத்தில் தன்னை அணைத்துக்கொண்டிருக்கும். புதிய பத்து ஆம்பியர் பூஸ்டரோ, நெடிய வண்டிகள் ஓடுகின்றன போலும் என்றெண்ணித் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்கும். அப்போது அந்தத் திருகில் மட்டும் தொண்ணூறு வாட்டுக்கு மேல் உஷ்ணம் எழும். நாம் ஈயம் வைக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றரையைப் பிளைவுட்டின் அடியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமானம். பலத்தைக் கூட்டியதால் குறை நீங்கவில்லை என்பது மட்டுமன்று, காவலும் நீங்கிவிட்டது. பூஸ்டரை மாற்றுவதற்கு நான் இத்தனை விரோதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனவே நாணயப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளங்களிலும் படும்படி ஓரிடத்தில் வைத்தால் பூஸ்டர் உடனே அணையவேண்டும். எடுத்தால் மீளவேண்டும். ஒரு முழத்துக்கு ஓரிடமாக, அமைப்பு முழுவதும், சைடிங்குகள் உள்பட, வைத்துப் பாருங்கள். எங்கே அணையவில்லையோ அங்கே நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, அந்தப் பகுதிக்குப் புதிய கிளை ஒயர் ஏற்றும்வரை வண்டியை அங்கே விடவேண்டாம். இது நம் விளையாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1872-இல் வில்லியம் ராபின்ஸன் காப்புரிமை பெற்ற ட்ராக் சர்க்யூட் என்னும் ஏற்பாட்டில், ரயில் நிற்கும் இடத்தை அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைப்பதைக்கொண்டே சிக்னல் அறை அறிகிறது. இந்திய ரயில்வேயின் சிக்னல் பராமரிப்பாளர்கள் நேர்மின்சார ட்ராக் சர்க்யூட்டில் அரை ஓம் தடையைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து, ரிலே விழுகிறதா என்று சோதிக்கிறார்கள். வண்டி அரிதாகவே போகும் துருவேறிய சைடிங்குகளில் அந்தச் சோதனைக்கு விசேஷ மதிப்பு உண்டு. அதே நியாயம் நம் மேசைக்கும் பொருந்தும்.

அழுக்கைப்பற்றிப் பேசாமல் சென்னையில் ரயில் பேச்சை முடிக்க முடியாது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் உப்புக்காற்று. மயிலாப்பூரில் அடுக்களைத் தாளிப்பின் எண்ணெய்ப் புகையும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும். மெட்ரோ வேலை நடக்கிற தெருக்களில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மண். இவையெல்லாம் சேர்ந்து தண்டவாளத்தின் தலையில் படியும் மெல்லிய ஏட்டைச் சக்கரத்தின் கீழ் எழும் நுண்பொறிகள் கருக்கி, கருநிறப் பசையாக்குகின்றன. மணல்காகிதத்தால் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம் உண்டாகும். அது பளபளப்பைக் கொடுத்துவிட்டு, அழுக்கு தங்குவதற்கு ஆயிரம் கீறல்களையும் கொடுத்துப்போகும். பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தாலே போதும். துடைத்த பின் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒருமுறை வருடிவிட்டு, நன்றாக உலரவிட்டால் மறுபடி கருப்பது தாமதப்படும் என்பது என் அனுபவம். விளக்கேற்றிய பூஜை மாடத்துக்கு அருகில் மாத்திரம் அந்தக் காரியம் வேண்டாம். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரங்களை அப்படியே விடுகிறவர்கள் அழுக்கை இடம்மாற்றுகிறார்களே ஒழிய நீக்குகிறார்கள் இல்லை.

மின்சாரம் நிற்கும் கணங்களில் டிகோடரைத் தாங்குவதற்கென்று கபாசிட்டர் தொகுப்புகள் இப்பொழுது விற்கின்றன. அவை நல்லவைதாம். ஆயினும் துப்புரவும் ஒயரிங்கும் முடிந்தபின் போட்டுக்கொண்டால் அவை துணை. முன்னரே போட்டால் நோயை மறைக்கும் திரை. அப்படியே, என்ஜின் நின்றவுடன் தெருவில் லோ வோல்டேஜ் என்று மின்சார வாரியத்தின்மேல் பழிபோடுவதும் பெரும்பாலும் பொருந்தாது. இக்காலத்து அடாப்டர்களில் பெரும்பான்மையானவை 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளுபவை. 120 வோல்ட்டுக்கு மட்டும் ஏற்பட்ட பழைய அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரை நம் 230 வோல்ட்டில் செருகினால் நடப்பது வேறு கதை. அதற்குப் பரிசோதனை தேவைப்படாது, வாசனையே சொல்லிவிடும்.

இணைப்புத் தகடுகளை, அதாவது ஃபிஷ் பிளேட்டுகளை, மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். தண்டவாளங்களை வரிசையில் நிறுத்துவதுதான் அவற்றின் வேலை. எல்லாவற்றுக்கும் ஈயம் வைத்துவிடலாமே என்றால், மொட்டைமாடி அறையில் ரயில் வைத்திருப்பவர்கள் அக்னி நட்சத்திரத்தை மறந்துவிடக்கூடாது. ஆறு மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் இருபது டிகிரி உஷ்ணம் ஏறினால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாவிட்டால் அது வளைந்து எழுந்து நிற்கும். ஆகவே சில இணைப்புகளைத் தளர்வாகவே விட்டு, இருபுறமும் கிளை ஒயர் கொடுங்கள். பாயிண்ட்ஸ் நாக்குகளின் தொடுகையைக்கொண்டே சைடிங்குக்கு மின்சாரம் போகும்படி விட்டிருப்பதும் இதே குற்றந்தான்.

இத்தனைக்கும் பிறகு, அலையின் வடிவமே கெடுகிற அந்த அபூர்வ சந்தர்ப்பம் எஞ்சியிருக்கிறது. இரண்டு ஒயர்களும் ஒன்றுக்கொன்று விலகி, சுவரின் இருபுறமாகப் பத்து மீட்டருக்கு மேல் ஓடும்போது, அவற்றின் தூண்டல் குணத்தால் ஒவ்வொரு புரள்விலும் அலை தன் எல்லையைத் தாண்டி எகிறி அதிரும். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் சதுரத்தின் மூலைகளில் முட்கள் முளைத்திருப்பது தெரியும். சில டிகோடர்கள் அதைப் பொறுக்கும். சில கட்டளையைத் தவறவிடும். பெரிய ஷார்ட் சர்க்யூட்டுகளின்போது எழும் முட்கள் டிகோடரையே எரித்துவிடவும் கூடும். பரிகாரம் சுலபம். இரு ஒயர்களையும் அடிக்கு மூன்று சுற்றாகச் சேர்த்து முறுக்குங்கள். அவற்றின் கடைக்கோடியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்றையும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் தொடராக இணைத்துக் குறுக்கே போடுங்கள். ரெசிஸ்டர் இரண்டு வாட்டுக்கு உரியதாக இருக்கட்டும். பதினைந்து வோல்ட்டில் அது இடைவிடாமல் முக்கால் வாட் அளவுக்குச் சூடாகும், கால் வாட் ரெசிஸ்டர் கருகிப்போகும்.

வடிவம் கெட்ட அலையைக் கண்டு, பழைய நேர்மின்சாரத் தடத்தில் இருப்பதாக மயங்கி, என்ஜின் முழுவேகத்தில் பேய் பிடித்தாற்போல் பாய்வதும் உண்டு. அதைத் தடுக்க டிகோடரில் சி.வி. என்று சொல்லப்படும் அமைப்பு மதிப்புகளில் இருபத்தொன்பதாவதில் நேர்மின்சார அனுமதியை நீக்கிவிடவேண்டும். வழக்கமான மதிப்பு 6 இருந்தால் 2 ஆக்கினால் சரி. இரண்டு பூஸ்டர்கள் வைத்திருப்பவர்கள் அவற்றின் எல்லையில், ஒரே பக்கத்துத் தண்டவாளத்தின் இடைவெளிக்குக் குறுக்கே அளந்து பார்க்கவேண்டும். சுழியை ஒட்டிக் காட்டினால் இரண்டும் ஒன்றாகப் புரளுகின்றன. முழு அழுத்தமும் காட்டினால் ஒன்றின் ஒயர்களை மாற்றிப் போடுங்கள்.

அளந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி மேசையின் அடியில் ஒட்டிவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் பல்பைக் கொளுத்திச் சரிபாருங்கள். இதோ இந்த மேசையில் பத்து மீட்டர் மணி ஒயரையும், பத்து மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரையும், இரண்டு பல்புகளையும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மீட்டர் கொண்டுவந்திருக்கும் அன்பர்கள் முன்னே வரலாம். மற்றவர்கள் என்னுடையதையே வாங்கிக்கொண்டு, இரண்டையும் தாங்களே அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.